காதல் படத்தில் ஒரு மரம்: தேர்வு முதல் கடைசி ஷாட் வரை முழுமையான வழிகாட்டி

"மரத்தைச் சுற்றி டூயட்" என்ற பேச்சு நம்மூரில் ரொம்ப காலமாக இருக்கிறது. அந்தப் பாட்டுகளை நான் குறை சொல்ல மாட்டேன். பல பாட்டுகள் இன்றும் நெஞ்சில் நிற்கின்றன. ஆனால் அவற்றில் வரும் மரம் ஒளிந்து விளையாட ஒரு தூண், அவ்வளவுதான். சரணம் முடிந்ததும் அடுத்த மரத்துக்கு ஓடிவிடலாம். பாட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த வழிகாட்டி வேறு வகை மரத்தைப் பற்றியது. அதை எடுத்துவிட்டுப் பக்கத்து மரத்தை வைத்தால் கதை நொண்ட வேண்டும். பத்து நிமிடக் குறும்படம் எடுக்கிறவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கையில் பணம் குறைவாக இருக்கும்போது ஒரு நல்ல மரம் கொடுக்கிற பலத்தை எந்த செட்டும் கொடுக்காது. படம் பார்க்க மட்டும் விரும்புகிறவர்களும் படிக்கலாம்; எடுக்கிற விதம் தெரிந்தால் பார்க்கிற கண்ணும் மாறும்.

படி 1: மரத்துக்கு என்ன வேலை என்று முடிவெடுங்கள்

"பச்சை மரம் என்றால் வாழ்வு, பட்ட மரம் என்றால் சோகம்" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த அகராதி பார்வையாளருக்கும் மனப்பாடம். ஷாட் வருவதற்கு முன்பே அர்த்தம் வந்துவிடும். அதற்குப் பதிலாக, "என் கதையில் இந்த மரம் என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். பதில் ஒரு வினைச்சொல்லாக வர வேண்டும். வாக்கைக் காக்கிறது, சாட்சியாக நிற்கிறது, வெட்டுப்படுகிறது, காத்திருக்கிறது என்பது மாதிரி.

வாக்கைக் காக்கிற மரத்துக்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த உதாரணம் 2001-இல் வந்த கொரியப் படம் 'மை சாஸி கேர்ள்'. பிரிகிற இருவரும் ஒரு குன்றின் மேல் நிற்கும் மரத்தடியில் கடிதங்களைப் புதைத்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து அங்கேயே சந்திப்போம் என்று பேசிக்கொள்கிறார்கள். சொன்ன நாளில் அவன் வருகிறான், அவள் வரவில்லை. அடுத்த வருடம் அவள் வருகிறாள். மரம் நிற்கிறது. அதனடியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர்தான் விஷயத்தைச் சொல்கிறார்: பழைய மரம் இடி விழுந்து செத்துப்போய்விட்டது, யாரோ ஒருத்தி வந்து பார்த்து வருத்தப்படக் கூடாது என்று ஒரு பையன் அதே மாதிரி வேறொரு மரத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறான். "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று எத்தனை வசனம் எழுதினாலும் அந்த மாற்று மரத்துக்கு ஈடாகாது. காதலன் திரையில் இல்லாத நேரத்தில் அவன் காதல் வேர் பிடித்து நிற்கிறது.

நமக்கு இந்த உத்தி புதிதல்ல, சங்கப் பாட்டிலேயே இருக்கிறது. கார்காலம் வந்ததும் திரும்பி வருவேன் என்று தலைவன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். கொன்றை பூத்துவிட்டது, அவனைக் காணோம். கலங்குகிற தலைவியிடம் தோழி சொல்கிறாள்: கொன்றைக்குப் புத்தி போதாது, காலம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்டது. இது குறுந்தொகையின் 66-ஆம் பாட்டு. குன்றின் மேல் மரத்தை நட்ட பையனும் இந்தத் தோழியும் செய்வது ஒரே காரியம்தான். மரத்தின் பெயரால் ஒரு பொய் சொல்லி, ஒரு மனசு உடையாமல் பார்த்துக்கொள்கிறார்கள்.

உறவாக நிற்கும் மரத்துக்கு நற்றிணை 172 இருக்கிறது. விளையாட்டாக மணலில் அழுத்தி மறந்துபோன விதை முளைத்து வருகிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கிறார்கள். அந்தப் புன்னை உங்கள் அக்கா மாதிரி என்று அம்மா சொல்லிவைத்திருக்கிறாள். அக்காள் முன்னால் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறது பாட்டு. ஒரு கேமராக்காரர் இதைப் படித்தால் உடனே கேட்பார்: அப்படியானால் புன்னை எங்கே நிற்கும், இவர்கள் எங்கே நிற்பார்கள்? அக்காள் ஃபிரேமின் ஓரத்திலாவது இருந்தாக வேண்டும். வேலையை முதலில் தீர்மானித்துவிட்டால் கேமரா எங்கே என்பது தானாகத் தெரிந்துவிடும்.

காலத்தைக் காட்டும் வேலைக்கு 1958-இல் வந்த 'வெர்டிகோ'. ரெட்வுட் என்கிற ராட்சத மரங்களின் காட்டில், வெட்டி வைத்த ஒரு மரத்தின் குறுக்குவெட்டு வளையங்களைக் காட்டி, இங்கே நான் பிறந்தேன், இங்கே இறந்தேன் என்கிறாள் கதாநாயகி. இரண்டு வளையங்களுக்கு நடுவே விரல் நகரும் தூரம்தான் ஓர் ஆயுள். கதைப்படி அது மியூர் காடு. எடுத்தது கலிஃபோர்னியாவின் பிக் பேசின் பூங்காவில். 2020 காட்டுத்தீயில் அந்தப் பூங்கா கருகியது. உயரமான மரங்களில் பெரும்பாலானவை மறுபடி துளிர்த்துவிட்டன.

படி 2: வெறும் மரம் வேண்டாம், இன்ன மரம் என்று தேர்ந்தெடுங்கள்

திரைக்கதையில் "ஒரு பெரிய மரத்தடியில்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம் இருக்கிறது, ஒரு நாட்காட்டி இருக்கிறது. அதற்குள் ஏற்கனவே பாதிக் கதை இருக்கும்.

பூவரசை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் மஞ்சளாக விரிகிற பூ, சாயங்காலத்துக்கு மேல் சிவந்து வாடும். இலையைச் சுருட்டி, நுனியைக் கொஞ்சம் நசுக்கி ஊதினால் பீப்பீ. கிராமத்தில் வளர்ந்த யாருக்கும் உதட்டில் அந்தக் கசப்பு இருக்கும். பள்ளிக்கூட வயதில் அவன் சுருட்டிக் கொடுத்த பீப்பீயை அவள் ஊதுகிறாள். இருபது வருடம் கழித்து அவள் மகன் ஊதுகிறான். அன்று சுருட்டிக் கொடுத்தவன் நின்று திரும்பிப் பார்க்கிறான். வசனமே வேண்டாம்.

ஒருதலைக் காதலுக்கு இலவம். "இலவு காத்த கிளி" என்று மொழியே கதையை எழுதிவைத்திருக்கிறது. காய் பழுக்கும் என்று காத்திருந்த கிளிக்கு முன்னால் காய் வெடித்துப் பஞ்சு பறக்கிறது. கோடையில் அந்தப் பஞ்சு காற்றில் மிதந்து வருவதைக் க்ளோசப்பில் பிடித்துப் பாருங்கள், அவன் தோளில் ஒரு துணுக்கு வந்து உட்கார்ந்தால் போதும். ஆனால் யாரும் அந்தப் பழமொழியைச் சொல்லக் கூடாது. சொன்னால் ஷாட் செத்தது.

தூங்குமூஞ்சி மரம் மத்திய, தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. இப்போது நம் நெடுஞ்சாலைகளிலும் பழைய கல்லூரி வளாகங்களிலும் நிழல் கொடுப்பது இதுதான். பொழுது சாயும்போது இலைகளை மடித்துக்கொள்ளும். நாலு மணிக்கு ஒரு ஷாட்டும் கேமராவை நகர்த்தாமல் ஆறரைக்கு ஒரு ஷாட்டும் எடுங்கள். கூரை மாதிரி மூடியிருந்த கிளைகளுக்கு நடுவில் வானம் திறந்திருக்கும். பேசி முடிப்பதற்குள் நிழல் அவர்களை விட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டது போல இருக்கும். புளியும் இலையை மடிக்கும், ஆனால் ஊரில் புளியமரத்துக்குப் பேய்க் கதை ஒட்டிக்கொண்டிருக்கிறது. காதல் காட்சியை அதன் அடியில் வைத்தால் பார்க்கிறவர் மனசில் ஒரு சின்ன பயம் வரும். அது வேண்டுமென்றால் புளியையே வையுங்கள்.

குழந்தையில்லாத தம்பதியின் கதை என்றால் அரசும் வேம்பும். இரண்டையும் சேர்த்து நட்டு, கல்யாணம் செய்துவைக்கிற வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. கிளைகளில் வேண்டுதல் தொட்டில்கள் தொங்கும். காற்றில் ஒரு காலித் தொட்டில் ஆடுவதை நாலு விநாடி காட்டினால் அந்தப் பெண் எதையும் விளக்க வேண்டியதில்லை. கல்லூரிப் பிரிவுக்கு மயில்கொன்றை. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம். நம்மூரில் கடைசிப் பரீட்சை முடிகிற நேரத்தில்தான் சிவப்பாகப் பூத்துக் கொட்டும். பனையில் ஆண் வேறு, பெண் வேறு. பல வருடம் வளர்ந்து பாளை விட்ட பிறகுதான் எது என்றே தெரியும். இதை வைத்து ஒரு கதை இன்னும் யாராவது எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

படி 3: ஒரே மரத்தை மூன்று முறை போய்ப் பாருங்கள்

காலை ஏழு மணிக்கு ஒரு முறை, சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு முறை. மூன்றாவது, படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பு. இந்த மூன்றாவதை நான் ஒரு தடவை விட்டுவிட்டேன்.

ஏரிக்கரையில் ஒரு புங்கம். மாசியில் முதல் ஷெட்யூல். அடர்ந்த நிழல், கரும்பச்சை இலை, தரையெல்லாம் குளிர்ச்சி. பிரிவுக் காட்சியில் பாதியை எடுத்துவிட்டு, நடிகைக்கு வேறு வேலை இருந்ததால் மூன்று வாரம் கழித்து வந்தோம். மரம் மொட்டையாக நின்றது. தரை முழுக்கச் சருகு. முதல் பாதியில் முகத்தில் நிழல், இரண்டாவது பாதியில் நெற்றியில் வெயில். ஒரே உரையாடலாக ஒட்டவே ஒட்டாது. கேமராமேன் எதுவும் பேசாமல் பையைத் திறக்காமலே உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தொண்டை அடைத்துப்போய்விட்டது. வண்டி வாடகை, சாப்பாடு எல்லாம் கடன் வாங்கிய காசு.

புங்கம் அந்தப் பருவத்தில் இலையை உதிர்த்து, கொஞ்ச நாளில் பளபளவென்று இளம்பச்சையாகத் துளிர்க்கும் என்று கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாதான் சொன்னார். "வருஷா வருஷம் இப்படித்தான் தம்பி, கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே." அங்கேயே உட்கார்ந்து காட்சியை மாற்றி எழுதினேன். பிரிவு முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது. இரண்டாவது பாதியில் அவள் தனியாக வருகிறாள். வழக்கமாக நிற்கிற இடத்தில் நிற்கிறாள். நிழல் இல்லை. முந்தானையை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்கிறாள். படம் பார்த்தவர்கள் இன்றும் என்னிடம் பேசுவது அந்த முந்தானையைப் பற்றித்தான்.

ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுத்ததும் பக்கத்தில் வசிக்கிறவர்களிடம் கேளுங்கள்: எப்போது இலை உதிரும், எப்போது பூக்கும், மின்கம்பிக்காக எந்த மாதம் கிளை வெட்டுவார்கள், ஏலம் விட்டிருக்கிறார்களா. அந்தப் பதில்களை ஷெட்யூல் தாளின் மேலேயே எழுதி வையுங்கள்.

படி 4: திரைக்கதையில் மரத்தை மூன்று இடத்தில் கொண்டுவாருங்கள்

ஒரு தடவை வந்தால் அது இடம். இரண்டாவது தடவை வந்தால் ஞாபகம். மூன்றாவது தடவைதான் பார்க்கிறவர் தாமாக அர்த்தம் சேர்க்கத் தொடங்குவார். 1939-இன் 'கான் வித் த விண்ட்' இதை அப்படியே செய்கிறது. சிவந்த வானத்துக்கு எதிரே கருநிழலாக ஒரு மரம், பக்கத்தில் மனித உருவம், கேமரா பின்னால் நகர்கிறது. முதலில் ஸ்கார்லெட் அப்பாவோடு நிற்கிறாள். இடைவேளைக்கு முன் பசியோடு தனியாக. முடிவில் மறுபடி தனியாக. காதல், போர், மூன்று திருமணம் எல்லாம் நடந்து முடிந்தாலும் அந்த ஷாட் மாறவில்லை, மாறினது அவள்.

மூன்று வருகைக்குள் மரமும் மாறலாம். 2010-இல் வந்த 'ஃபிளிப்ட்' படத்தில் ஜூலி ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்க்கிற சிக்கமோர் மரத்தை வெட்ட ஆட்கள் வருகிறார்கள். அவள் இறங்க மாட்டேன் என்கிறாள், கூட ஏறும்படி பிரைஸை அழைக்கிறாள், அவன் ஏறவில்லை. மரம் போய்விடுகிறது. கடைசியில் அவன் அவள் வீட்டு முற்றத்தில் ஒரு சிக்கமோர் கன்றை நட வருகிறான். ஏறாமல் விட்ட கணத்துக்கு அவன் கேட்கிற மன்னிப்பு அது. கவனியுங்கள், மன்னிப்பு என்ற சொல் அங்கே வரத் தேவையே இல்லை.

'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்' (1994) இன்னும் சிக்கனமானது. ஆண்டி தன் மனைவியிடம் கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்ட ஓக் மரத்தை நாம் முதலில் பார்ப்பதே இல்லை, சிறை முற்றத்தில் உட்கார்ந்து அவன் சொல்லக் கேட்கிறோம். கல் சுவர், வயல், ஓக் என்று நம் மனதில் ஒரு மரம் முளைத்துவிடுகிறது. ரெட் விடுதலையாகி அதைத் தேடிப் போகும்போது நாமும் தேடுகிறோம். ஒஹையோ மாநிலத்தில் மான்ஸ்ஃபீல்ட் அருகே நின்ற அந்த நிஜ மரம் 2011-இல் பாதி பிளந்து, 2016-இல் காற்றில் முழுதாக விழுந்தது. அதுவரை எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து அதைப் பார்த்துப் போனார்கள்.

நம் பக்கத்தில், 2022-இல் வந்த 'கடைசி விவசாயி'யில் ஊரின் பழைய மரத்தில் இடி விழுவதுதான் கதையை நகர்த்துகிறது. குலதெய்வத்துக்குக் கும்பிடு போட வேண்டும் என்று ஊர் கூடுவது அதனால்தான்.

எழுதும்போது ஒரே ஒரு விதி: பாத்திரங்கள் மரத்தைப் பற்றிப் பேசலாம், மரத்தின் அர்த்தத்தைப் பற்றிப் பேசக் கூடாது. "எறும்பு கடிக்குது, தள்ளி உட்காரு" என்பது நல்ல வசனம். "இந்த மரம் மாதிரிதான் நம்ம காதலும்" என்பதை வெட்டிவிடுங்கள்.

படி 5: எடுக்கும் முறை

மூன்று வருகைக்கும் ஒரு ஷாட்டாவது ஒரே இடத்திலிருந்து, ஒரே லென்ஸில், ஒரே உயரத்தில் இருக்கட்டும். முதல் நாளே ட்ரைபாட் கால்கள் நின்ற இடத்தில் மூன்று கற்களைப் புதைத்துவையுங்கள். லென்ஸ், உயரம், மணி மூன்றையும் நோட்டில் எழுதி, மானிட்டரை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாக நிற்கிற மரத்தைத் தூரத்திலிருந்து 85 அல்லது 135 மி.மீ. லென்ஸில் எடுத்தால் பின்னால் உள்ள மலையும் வானமும் அதன்மேல் வந்து சாய்ந்துகொள்ளும். ஆள் சின்னதாகத் தெரிவான். மரத்தடிக்குள் போனதும் 24 அல்லது 35. கிளைகள் கூரையாகும், இரண்டு பேருக்கும் ஒரு வீடு கிடைத்த மாதிரி இருக்கும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வெட்டிப் பாருங்கள்: வெளியே ஊர், உள்ளே அவர்கள்.

மரத்தடி வெளிச்சம் ஏமாற்றும். கண்ணுக்கு அழகாகத் தெரிகிற புள்ளி வெயில், முகத்தில் விழுந்தால் அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிடும். தலைக்கு மேல் வெயிலைத் தணிக்கிற ஒரு ஸ்கிம்மர் துணி கட்டுங்கள், ஒரு பக்கம் தெர்மாகோல் வைத்து வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்பிக் கொடுங்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை சாப்பிட்டு ஒத்திகை பாருங்கள், கேமராவை ஓட்டாதீர்கள்.

படி 6: சத்தம்

இதை எல்லோரும் கடைசியில் விட்டுவிடுகிறார்கள், பிறகு இணையத்தில் "காற்று" என்று தேடி எதையோ ஒட்டுகிறார்கள். அரசிலைக்குக் காம்பு நீளம், லேசான காற்றுக்கே படபடக்கும். கண்ணை மூடிக் கேட்டால் தூறல் மாதிரி இருக்கும். பனையோலை வறட்டுச் சத்தம், ஒன்றோடொன்று உரசும். தூங்குமூஞ்சி கிட்டத்தட்ட ஊமை. உங்கள் மரத்தடியில் எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மூன்று நிமிடம் ஆம்பியன்ஸ், அதாவது அந்த இடத்தின் சத்தத்தை மட்டும், எடுத்துவையுங்கள். எடிட்டிங்கில், அவன் ஊரில் தனியாக இருக்கிற காட்சிக்கு அடியில் அந்தச் சத்தத்தை மெதுவாக விடுங்கள். மரத்தைக் காட்டாமலே நாலாவது வருகை கிடைத்துவிடும்.

படி 7: மரத்துக்குச் செய்ய வேண்டியது

புறம்போக்கு என்றால் பஞ்சாயத்திலும், கோயில் மரம் என்றால் கோயிலாரிடமும், காடு என்றால் வனத்துறையிடமும் முன்கூட்டியே அனுமதி. ஆணி அடிக்காதீர்கள், கயிறு போதும். பட்டையில் பெயர் செதுக்குகிற காட்சி வேண்டுமென்றால் விழுந்து கிடக்கும் கட்டையில் செதுக்கி க்ளோசப் எடுங்கள். கிளையில் தேன்கூடு இருக்கிறதா என்று பார்க்காமல் புகை போடவே போடாதீர்கள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

படி 8: கடைசி ஷாட்

ரஷ்ய இயக்குநர் தர்கோவ்ஸ்கியின் கடைசிப் படம் 'த சாக்ரிஃபைஸ்' (1986). ஸ்வீடனின் காட்லாந்து தீவில், தகப்பனும் சின்ன மகனும் ஒரு பட்ட மரத்தை நட்டுக் கற்களால் முட்டுக்கொடுக்கிறார்கள். ஒரு துறவி பட்ட மரத்துக்குத் தினமும் தண்ணீர் ஊற்றச் சொன்ன கதையை அப்பா சொல்கிறார். அந்த முதல் ஷாட் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. முடிவில் அப்பா இல்லை; பையன் தண்ணீர் சுமந்து வந்து ஊற்றிவிட்டு மரத்தடியில் படுத்துக்கொள்கிறான்; கேமரா மெதுவாகக் கிளைகளை நோக்கி ஏறுகிறது. துளிர்த்ததா என்று படம் காட்டுவதில்லை. பையன் தண்ணீர் ஊற்றினான், அது போதும்.

காதலுக்கு என்று கேட்டால் நான் ஈரானிய இயக்குநர் கியாரோஸ்தமியின் 'த்ரூ தி ஆலிவ் ட்ரீஸ்' (1994) முடிவைத்தான் சொல்வேன். 1990 பூகம்பத்தில் இடிந்துபோன வட ஈரானியக் கிராமம். வீடில்லாத, எழுதப் படிக்கத் தெரியாத கொத்தனார் ஹுசைன். கல்யாணத்துக்குக் கேட்கிற அவனுக்குப் பதிலே சொல்லாத தாஹிரே. ஆலிவ் மரங்களுக்கு நடுவே அவள் விறுவிறுவென்று நடக்கிறாள், அவன் பின்னாலேயே பேசிக்கொண்டு போகிறான். கேமரா மேட்டிலேயே நின்றுவிடுகிறது. மரங்களைத் தாண்டி வயலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். ஒரு புள்ளி மற்றதை நெருங்குகிறது. சற்று நேரம் கழித்து அது திரும்பி ஓடிவருகிறது. அவள் என்ன சொன்னாள் என்று நமக்குக் கேட்காது. மரங்களுக்குத்தான் கேட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இதை உங்கள் படத்தில் செய்ய டிராலியோ கிரேனோ வேண்டாம். கடைசி நாள், கடைசி ஷாட், புதைத்த கற்களின் மேல் ட்ரைபாட். நடிகர்கள் ஃபிரேமைவிட்டு வெளியே போன பிறகும் "கட்" சொல்லாதீர்கள். மனதுக்குள் இருபது எண்ணுங்கள். அந்த நேரத்துக்குள் ஒரு காற்று வரும், அல்லது ஒரு காகம் வந்து உட்காரும், அல்லது எதுவும் நடக்காமல் இலைகள் மட்டும் அசையும். எதுவானாலும் அதை எடிட்டருக்கு முழுதாகக் கொடுங்கள்.